மிலேத்துவில் விட்டுவந்தவன்

அன்பின் ஐயா,

வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 61. முப்பது வருஷம் ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தவன். போன வருஷம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு சுகம், பேச்சுத்தான் திரும்பவில்லை. ஒன்றை நினைத்தால் வாயில் இன்னொன்று வருகிறது. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏற ஏலாது, அதனால் ஆலயத்துக்குப் போவதும் குறைந்துவிட்டது. பரமண்டல ஜெபம் 'ஆகாரத்தை' என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. ஜெபிக்க வந்த ஒருவர், "விசுவாசம் முழுசா இருந்தா எப்பவோ சுகமாகியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. இனி ஆண்டவருக்கு என்னால் என்ன பிரயோசனம்?

நான் இடக்கையால் கிறுக்குவதைப் பார்த்துப் பேத்திதான் இதைத் தட்டுகிறாள். ஒரு வசனத்துக்குக் கால்மணி நேரம் போகிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள அண்ணன்,

முதலில் அந்த ஜெபக்காரர். அவருடைய கணக்குப்படி அப்போஸ்தலன் பவுலுக்கும் விசுவாசம் போதாது. மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் கேட்டார், நீங்கவில்லை. 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதில்தான் கிடைத்தது. இது எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அவ்வளவாக வராத வரி ஒன்று இருக்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், மேலங்கியை எடுத்துக்கொண்டு வா என்று கேட்கிற அதே கடைசி அதிகாரத்தில், தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்ததாகப் போகிற போக்கில் சொல்கிறார். எபேசுவில் இவர் மேனியில் பட்ட துணியைக் கொண்டுபோனாலே நோய் நீங்கியது என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் கூட்டாளியை நோயோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஏன் சுகமாகவில்லை என்று ஒரு சொல் இல்லை. அவன் விசுவாசத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

என் அம்மாவுக்கும் இதே நோய்தான் வந்தது. கொட்டாஞ்சேனை வீட்டில், தேத்தண்ணி வேண்டுமென்றால் "சாவி, சாவி" என்பா. சாவியைக் கொடுத்தால் தட்டிவிட்டு அழுவா. ஒரு பின்னேரம் தங்கச்சி உடுப்பு மடித்துக்கொண்டு பழைய கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தாள். பின்னாலிருந்து அம்மாவும் சேர்ந்தா. ஒரு சரணம், சொல் பிசகாமல். நாங்கள் திகைத்துப்போய், "அம்மா, என்ன வேணும்?" என்றோம். "சாவி" என்றா. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பேச்சு, அநேகருக்கு மூளையின் இடப்பக்க வேலை. பாட்டில் வலப்பக்கத்துக்கும் பங்கு உண்டு. அதனால் பேச்சு போனவர்கள் பலருக்குப் பாட ஏலும். இதை வைத்தே 1973இல் அமெரிக்காவில் ஒரு பேச்சுப் பயிற்சியை உண்டாக்கினார்கள். எல்லாருக்கும் பலிக்காது. ஆனாலும் பெரியாஸ்பத்திரியில் பேச்சுச் சிகிச்சை செய்பவரிடம் ஒருக்கால் கேளுங்கள். பரமண்டல ஜெபத்தையும் ராகம் போட்டுப் பாடிப் பாருங்கள். 'ஆகாரத்தை' தாண்டாவிட்டாலும் குறையில்லை. 'வாக்குக்கடங்காத பெருமூச்சுகள்' என்று ரோமர் 8இல் இருப்பது சொல் வராதவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிரயோசனம் என்று கேட்டீர்கள். 1813 கடைசியில் இலங்கைக்குப் புறப்பட்ட மெதடிஸ்த மிஷனுக்குத் தலைவர் தோமஸ் கோக். அவர் நடுக்கடலிலேயே இறந்தார், இந்த மண்ணை மிதிக்கவில்லை. கூட வந்த வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்குப் போனார். மனைவியை வழியில் கப்பலிலேயே பறிகொடுத்தவர். 1815 ஏப்ரலில் அவரும் போய்விட்டார், ஒரு வருஷம்கூட இல்லை. அவர் தொடங்கின பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. உங்களைத் தேற்ற இதை எழுதவில்லை. பிரயோசனத்தை வருஷக் கணக்கில் அளக்கிற பழக்கம் எனக்கும் இருக்கிறது, அதனால்தான் ஞாபகம் வந்தது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது கடைசி வரியைத்தான். ஒரு வசனத்துக்குக் கால்மணி நேரம் என்றால் இந்தக் கடிதத்துக்கு அந்தப் பிள்ளை மூன்று மணித்தியாலமாவது உங்கள் பக்கத்தில் இருந்திருப்பாள். தாத்தா தன் விசுவாசத்தைப் பற்றி என்ன சொல்ல வருகிறார் என்று கிறுக்கலைப் பார்த்துப் பார்த்து ஊகித்திருப்பாள். முப்பது வருஷத்தில் எந்த வகுப்பில் ஒரு பிள்ளை அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது?

2 தீமோத்தேயு 4:20. பேத்தியிடம் எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மிலேத்து எங்கே என்று கேட்டால், வேதாகமத்தின் கடைசியில் உள்ள படத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். இடக்கை போதும்.