எட்டுக் கால்களும் ஒன்றுதான், ஆனாலும் டிஎல்072 இங்கே வேலை செய்யாது

கேள்வி: எல்எம்35 வெப்ப சென்சாரின் சிக்னலை எல்எம்358 ஆப்-ஆம்ப்பில் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) பெருக்கி ஆர்டுயினோ ஊனோவுக்குக் கொடுக்கிறேன். சப்ளை 5 வோல்ட். ஃபீட்பேக்கில் 10 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். ரீடிங் 32 டிகிரியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. டிஎல்072 இன்னும் நல்ல ஐசி என்றார்கள். மாட்டிப் பார்த்தால் ரீடிங் மொத்தமும் தப்பு. போலி ஐசியா?

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அசல் டிஎல்072-வும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

முதலில் அந்த 32 டிகிரி. உங்கள் ரெசிஸ்டர்களுக்கு கெயின், அதாவது பெருக்கும் மடங்கு, 11. எல்எம்35 டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். 32 டிகிரியில் 0.32 வோல்ட், பெருக்கினால் 3.52. எல்எம்358-இன் அவுட்புட் சப்ளைக்கு சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 5 வோல்ட்டில் அது 3.5 தான். ஐசி மேல் தப்பில்லை, கெயின்தான் அதிகம்.

டிஎல்072 நல்ல ஐசிதான், ஆனால் ஆடியோவுக்கு, பிளஸ் மைனஸ் 12 அல்லது 15 வோல்ட் சப்ளையில். அங்கே எல்எம்358 எடுபடாது: அதன் ஸ்லூ ரேட் (அவுட்புட் மாறக்கூடிய வேகம்) மைக்ரோசெகண்டுக்கு 0.3 வோல்ட், டிஎல்072-க்கு 13. ஆனால் டிஎல்072-இன் இன்புட் கீழ் சப்ளையை (உங்களுக்கு கிரவுண்ட்) விட 3, 4 வோல்ட் மேலே இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். உங்கள் சிக்னலோ 0.3 வோல்ட். இன்புட் அவ்வளவு கீழே போனால் சில சமயம் அவுட்புட் தலைகீழாகி மேலே போய் ஒட்டிக்கொள்ளும். எல்எம்358 கிரவுண்ட் வரை இன்புட்டை ஏற்கும். டேட்டாஷீட்டில் கெயின், நாய்ஸுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த இன்புட் வரம்பைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? எல்எம்358-ஐத் திரும்ப மாட்டி, 1 கிலோ ஓமை 3.3 கிலோ ஓம் ஆக்குங்கள். கெயின் 4 ஆகிவிடும்; 60 டிகிரிக்கும் 2.4 வோல்ட்தான். கோடில் வகுக்கும் எண்ணையும் மாற்ற மறக்காதீர்கள். கெயின் 11-ஐ விட மனமில்லை என்றால் எம்சிபி6002: அதே பின் வரிசை, இன்புட்டும் அவுட்புட்டும் ஏறக்குறைய சப்ளை வரை போகும், 45 டிகிரி வரை தாங்கும். ஆனால் அது 6 வோல்ட்டுக்கு மேல் ஓடக்கூடாது. 9 வோல்ட் பேட்டரியில் போட்டால் போய்விடும்.

உண்மையில் இங்கே ஆப்-ஆம்ப்பே தேவையில்லை. ஊனோவில் (ஆர்3 வரை) 1.1 வோல்ட் உள் ரெஃபரன்ஸ், அதாவது அனலாக் பின் ஒப்பிட்டு அளக்கும் வோல்ட்டேஜ், இருக்கிறது. அதைப் போட்டு சென்சாரை நேராக அனலாக் பின்னில் கொடுத்தால் ஒரு படி சுமார் 0.1 டிகிரி. அந்த 1.1 போர்டுக்கு போர்டு கொஞ்சம் மாறும். ஏரெஃப் பின்னில் மல்டிமீட்டர் வைத்து அளந்து, அந்த எண்ணையே கோடில் எழுதுங்கள்.

ஆப்-ஆம்ப்போடுதான் போகப் போகிறீர்கள் என்றால், 8-ஆம் பின்னுக்கும் 4-ஆம் பின்னுக்கும் இடையே, ஐசிக்கு ஒட்டி, ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். ஐசிக்குள் சும்மா இருக்கும் இரண்டாவது ஆம்ப்பை அந்தரத்தில் விடாதீர்கள்: 6-ஐயும் 7-ஐயும் சேர்த்துவிட்டு 5-ஐ கிரவுண்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.