முதல் தடவை வீடு விற்கிறீர்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

காவேரிப்பட்டணத்தில் உள்ள வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறோம். முதலில் பெயிண்ட் அடிப்பதா, தரகரிடம் சொல்வதா?

இரண்டும் பிறகு. முதலில் பத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். வாங்க வருகிறவர் வங்கிக் கடன் போட்டால், வங்கியின் வக்கீல் தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்), இடையில் கைமாறிய ஒவ்வொரு பத்திரம், வழக்கமாக 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான கிரயம், கடன் விவரம்), பட்டா, கடைசி வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் கேட்பார். அவர் தேடப்போகும் ஓட்டையை நீங்கள் முன்னாலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு தெரிந்தால், அது விலையைக் குறைக்கக் காரணமாகிவிடும்.

முக்கியமாக அளவைப் பாருங்கள். பத்திரத்தில் ‘கிழமேல் 30 அடி, தென்வடல் 60 அடி’ என்றால் 1,800 சதுர அடி. அதாவது நாலு சென்ட்டும் கொஞ்சமும் (ஒரு சென்ட் 435.6 சதுர அடி). பட்டாவில் அளவு மெட்ரிக்கில் இருக்கும். 1,800 சதுர அடிக்கு 167.2 சதுர மீட்டர் வர வேண்டும். 162 என்று இருந்தால் 56 சதுர அடி குறைகிறது. வாங்குபவர் குறைவான அளவுக்குத்தான் விலை பேசுவார்.

டேப்பைப் பிடித்து நாலு பக்கமும் நீங்களே அளந்து பாருங்கள். இடம் சரியாக இருந்து பட்டாவில் மட்டும் குறைந்தால் தாலுகா அலுவலகத்தில் நில அளவைக்கு மனுக் கொடுங்கள். தப்பு பத்திரத்தில் என்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு உங்களுக்கு விற்றவரோ அவருடைய வாரிசுகளோ வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர்களைத் தேடிப் பிடிக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். ஆடியிலும் மார்கழியிலும் எப்படியும் யாரும் கிரயம் பேச வரமாட்டார்கள். அந்த மாதங்களை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) உள்ள வீடோ, அரசு கொடுத்த இலவச மனையோ என்றால் பட்டாவிலும் ஒப்படை ஆணையிலும் (மனையை ஒதுக்கிய அரசு உத்தரவு) உள்ள நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். இத்தனை வருடத்துக்கு விற்கக் கூடாது, இன்னாருக்குத்தான் விற்கலாம் என்று அதில் இருக்கலாம். அதை மீறிச் செய்த கிரயம் நிற்காது.

எங்கள் வீடு கிருஷ்ணகிரி டவுனில். 1980-இல் அப்பா வாங்கிய பத்திரத்தில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்று இருக்கிறது, அதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தில் ‘சேலம் மாவட்டம்’. பெங்களூரிலிருந்து வாங்க வந்தவர் சந்தேகப்படுகிறார்.

பத்திரத்தில் தப்பே இல்லை. தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஒரே மனை மூன்று மாவட்டப் பெயரில் இருப்பது இந்தப் பக்கத்தில் சகஜம். பிழைத்திருத்தல் எதுவும் வேண்டாம். புதுக் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘முன்பு சேலம், பின்பு தர்மபுரி, தற்போது கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று எழுதி, பழைய சர்வே எண்ணையும் புது எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. உங்கள் கிராமம் இடையில் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டிலும் வில்லங்கம் பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

பாலக்கோட்டில் 20 வருட வீடு. ஹால் சீலிங்கில் ஈரக் கறை, சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறது. பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் போதுமா?

போதாது. ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் அடுத்த மழைக்குக் கொப்புளமாகக் கிளம்பும். அதைப் பார்த்தால் வீட்டில் வேறெதை மறைத்தீர்களோ என்றுதான் வாங்குபவருக்குத் தோன்றும். தெரிந்த பெரிய குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது.

முதலில் மொட்டை மாடி. மழைநீர்க் குழாய் வாய்களைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். கீழே எங்கே கசிகிறது என்று பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலும் தளத்தின் நடுவில் கசியாது. கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையிலும் குழாய் வாயைச் சுற்றியும்தான் கசியும். அந்த மூலையைக் கொத்தி, 1:3 சிமெண்ட் கலவையில் வாட்டர்ப்ரூஃப் திரவம் சேர்த்து வளைவாகப் பூசச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் வாட்டம் சரிசெய்த பிறகே கோட்டிங். மேஸ்திரி நேராகக் கோட்டிங்குக்குப் போனால் நிறுத்துங்கள்.

உப்புப் பூத்த இடத்தில் ஈரக் கறைக்கு ஒரு அடி மேல் வரை பூச்சை உரித்து, செங்கலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காய விட்டுப் பிறகு பூச வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஓர் அடிச் சதுர பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. அப்போது பட்டி பார்த்தால் பட்டி தோலாக உரியும்.

இதற்கு மேல் செலவு வேண்டாம். புது டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் போட்ட காசு திரும்புவது அரிது. வாங்குபவர் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வார்.

பென்னாகரம் பக்கம் வீடு. போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

ஆய்வு அறிக்கையைக் காட்டுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் ஃபுளோரைடால் பல்லில் வரும் பழுப்புக் கறை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனில் பிடித்து (கண்ணாடி பாட்டில் வேண்டாம்) குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் இருந்தால் மறைக்காதீர்கள். ‘போர் புழக்கத்துக்கு, ஒகேனக்கல் இணைப்பு குடிக்க’ என்று குடிநீர் வரி ரசீதோடு காட்டினால் பேச்சு அங்கேயே முடியும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும்.

அரூரில் அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தங்கச்சிக்குக் கல்யாணத்தின்போதே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம். அவள் கையெழுத்து வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். கல்யாணச் சீர் பங்காகாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்பா இறந்தபோது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாரிசு சான்று வாங்கி, எல்லோரும் சேர்ந்து கிரயத்தில் கையெழுத்துப் போடுங்கள். அல்லது தங்கச்சி மனமொப்பி, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். பங்கைப் பணமாகக் கொடுப்பதென்றால் அந்தத் தொகையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். இறந்துபோன அண்ணனின் சிறு பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தால் அதை விற்க நீதிமன்ற அனுமதி தேவை.

ஓசூர் வீட்டுக்கு 60 லட்சம் பேசியாயிற்று. அட்வான்ஸ் 5 லட்சம் ரொக்கமாகத் தருகிறேன், வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்வோம் என்கிறார்.

இரண்டையும் மறுத்துவிடுங்கள். வீட்டுக் கிரயத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும், அதுவும் வாங்கிய உங்களுக்கு. கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் பதிவு செய்தே ஆக வேண்டும். கெடு, பாக்கித் தொகை, கெடு தவறினால் அட்வான்ஸ் என்னாகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஆனால் ஆளைப் பார்த்துப் பதியுங்கள். அவர் பின்வாங்கினால் ரத்து ஆவணத்துக்கு இருவரும் வர வேண்டும். அதுவரை அந்தப் பதிவு வில்லங்கத்தில் நிற்கும், அடுத்தவர் கிட்டே வரமாட்டார்.

50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார். அது உங்கள் வரியில் கழியும். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் வாங்குபவர் செலவு. அதைக் குறைக்கத்தான் பத்திரத்தில் தொகையைக் குறைத்துப் போடச் சொல்வார். சம்மதிக்காதீர்கள்.

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடென்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதானால், பணவீக்கம் கழித்து 20 சதவீதமாகவும் கணக்குப் போட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். அந்த லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு.

வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. விற்கலாமா?

விற்கலாம். வங்கியிடம் பாக்கிக் கணக்குச் சீட்டு வாங்கி, வாங்குபவர் தரும் தொகையிலிருந்தே கடனை அடைக்கலாம். முழுதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். தவறு வங்கியுடையது என்றால் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் சார்பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடைத்த கடன் வில்லங்கத்தில் அப்படியே தெரியும்.

பதிவு நாளன்று சாவி எப்போது கொடுப்பது?

பாக்கி டிடி உண்மையானதுதான் என்று அதைக் கொடுத்த வங்கிக் கிளையில் கேட்டு உறுதி செய்துகொண்டு, பிறகு கையெழுத்து, கடைசியில் சாவி. மின்சார மீட்டர் அளவை அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.