பென் டிரைவில் இடம் இருக்கிறது, படம் ஏறமாட்டேன் என்கிறது: அண்ணாச்சி பதில்கள்

பாளையங்கோட்டையில் மொபைல், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்ற வருகிறவர்கள்கூடக் கிளம்பும்போது, "போனில் இருக்கும் படத்தை டிவியில் எப்படிப் பார்க்கிறது அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அக்கா: மகள் கல்யாண வீடியோவை ஸ்டூடியோக்காரர் லிங்காக அனுப்பினார். லேப்டாப்பில் இறக்கிவிட்டோம், 6.2 ஜிபி இருக்கிறது. 32 ஜிபி பென் டிரைவ் காலியாகக் கிடக்கிறது. காப்பி போட்டால் ஃபைல் ரொம்பப் பெரியது என்று சொல்லி நின்றுவிடுகிறது. டூப்ளிகேட் பென் டிரைவா அண்ணாச்சி?

பென் டிரைவ் நல்லதுதான் அக்கா. பத்தாயத்தில் எவ்வளவு இடம் கிடந்தாலும் வாசலில் நுழையாத மூட்டையை உள்ளே தள்ள முடியாது அல்லவா, அந்தக் கதைதான். 32 ஜிபி வரைக்கும் உள்ள பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் வருகின்றன. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. நாலு படம் தலா 3 ஜிபி என்றால் மடமடவென்று ஏறும். 6.2 ஜிபியில் ஒரே ஃபைல் என்றால் ஏறவே ஏறாது.

லேப்டாப்பில் பென் டிரைவ் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து ஃபார்மேட்டைத் தொடுங்கள். ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் எக்ஸ்ஃபேட் என்று மாற்றிக் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது, இந்த 4 ஜிபி தொல்லை அதில் கிடையாது. உங்கள் டிவி பழசாக இருந்து எக்ஸ்ஃபேட்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு அமைப்பைப் போட்டுப் பாருங்கள், பல டிவிகள் அதைப் படிக்கும். ஆனால் அதே பென் டிரைவை ஓடிஜி (பென் டிரைவைப் போனில் மாட்டும் சின்ன இணைப்பான்) வைத்துப் போனில் செருகினால் என்டிஎஃப்எஸ் பல போன்களில் திறக்காது. டிவிக்கா போனுக்கா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். நான் ஒருமுறை "காலிதானே" என்று கேட்காமலே தட்டிவிட்டேன். ஒரு பையனின் மார்க் ஷீட் ஸ்கேன் அத்தனையும் அதில் இருந்தது. மீட்டுக் கொடுக்க ராத்திரி ஒரு மணி ஆனது. அன்றிலிருந்து பென் டிரைவை வாங்கியதும் திறந்து காட்டி, "இதில் ஏதும் வேணுமா?" என்று கேட்ட பிறகுதான் கை வைக்கிறேன்.

காப்பி ஆகும்போது பொறுமையாக இருங்கள். மலிவான பென் டிரைவ் நொடிக்கு 8 எம்பி எழுதினாலே பெரிய விஷயம். அந்தக் கணக்கில் உங்கள் வீடியோ ஏற 13 நிமிடம் ஆகும். நடுவில் பிடுங்கிவிடாதீர்கள்.

தென்காசியிலிருந்து ஒரு தம்பி: ஓடிடியில் சந்தா கட்டித்தான் படத்தை டவுன்லோட் செய்தேன். போன் முழுக்கத் தேடியும் அந்த ஃபைல் கிடைக்கவில்லை. பென் டிரைவில் எப்படிப் போடுவது?

போட முடியாது தம்பி. அது பூட்டிய பெட்டி, சாவி அந்த ஆப்பிடம் இருக்கிறது. ஃபைலைத் தோண்டி எடுத்தாலும் வேறு எதிலும் ஓடாது. டவுன்லோட் என்று பெயர் வைத்துவிட்டதால் நம் கைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறோம். கெடுவும் உண்டு: அமேசான் பிரைமில் பல படங்கள் பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் காலாவதியாகும். டிவியில் பார்க்க டிவியிலேயே அதே கணக்கில் உள்ளே போங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் பார்க்கத்தான் என்றால், கிளம்பும் முன் ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கோவில்பட்டி தாண்டிய பிறகு "இணைய இணைப்பு தேவை" என்று வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

வள்ளியூர்: போனை லேப்டாப்பில் மாட்டினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

போன் திரையை மேலிருந்து கீழே இழுங்கள். யுஎஸ்பி பற்றி ஒரு அறிவிப்பு நிற்கும், அதைத் தொட்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்றுங்கள். அப்படி ஓர் அறிவிப்பே வரவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களும் கடைகளில் விற்கின்றன.

மேலப்பாளையம்: என்னுடையது ஆண்ட்ராய்டு, மச்சானிடம் ஐபோன். முன்னாடி ஷேர்இட் வைத்திருந்தோம், இப்போது அதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிவிடுகிறது.

ஷேர்இட்டும் ஸெண்டரும் 2020 ஜூனில் தடையான 59 ஆப்களில் போய்விட்டன. போனது நல்லதுதான், அந்த விளம்பரத் தொல்லையை யார் தாங்குவது! இரண்டு போனிலும் லோக்கல்சென்ட் என்ற இலவச ஆப்பைப் போடுங்கள். உங்கள் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் போட்டு, மச்சானை அதில் சேரச் சொல்லுங்கள். டேட்டாவை அணைக்காவிட்டால் அவர் ஐபோன் உங்கள் நெட்டில் தன்பாட்டுக்கு அப்டேட் இறக்கத் தொடங்கிவிடும். ஐபோன் திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அணைந்தால் பாதியில் நிற்கும். வந்த படம் எம்கேவி வகை ஃபைல் என்றால் விஎல்சி என்ற பிளேயர் ஆப்பில் திறக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பே போதும் என்றால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை மங்காமல் போகும்.

திசையன்விளை: நேற்று ரிலீஸ் ஆன படம் டெலிகிராமில் வந்தது. டிவியில் சத்தம் சரியாக வரவில்லை, சரிசெய்து தருவீர்களா?

மாட்டேன்.

களக்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஆன்லைனில் 1 டிபி பென் டிரைவ் 350 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் சில படங்கள் ஓடுகின்றன. பின்னால் போட்டவை எதுவும் திறக்கவில்லை.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் சார். உள்ளே 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும். கேட்டால் 1 டிபி என்று பொய் சொல்லும்படி சிப்பைத் தயார் செய்திருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்தபின் போடுவது எங்கேயும் எழுதப்படுவதில்லை, பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் கடைசி மூலை வரை எழுதிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

மறுபடியும் அம்பாசமுத்திரம் அக்கா: எக்ஸ்ஃபேட் போட்டதும் ஏறிவிட்டது! டிவியில் படமும் வருகிறது. ஆனால் நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பி உப்பி ஊதுகிறார், ஒரு சத்தமும் கேட்கவில்லை.

லேப்டாப்பில் சத்தம் வருகிறதா? வந்தால் ஃபைல் நல்லதுதான், அதிலுள்ள ஆடியோ வகை உங்கள் டிவிக்குப் புரியவில்லை. நீங்களாக மாற்ற உட்காராதீர்கள். ஒரு சீட்டில் "எம்பி4, வீடியோ எச்.264, ஆடியோ ஏஏசி" என்று எழுதி அந்த ஸ்டூடியோக்காரரிடம் கொடுங்கள், அவருக்கு விளங்கும். ஆல்பத்துக்குப் பாக்கிப் பணம் ஏதும் நிற்கிறதா? அதைக் கொடுக்கும் முன்னாடியே கேட்டு வாங்கிவிடுங்கள்.