கேளுங்கள், சொல்கிறோம்: கோஃபாக்ஸின் இடது கை

கேள்வி: முதல் ஆறு ஆண்டுகள் சுமாராக ஆடிய அமெரிக்க பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) சாண்டி கோஃபாக்ஸ் அடுத்த ஆறில் அந்த உயரத்தைத் தொட்டது எப்படி? 30 வயதிலேயே ஏன் விலகினார்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: 1955 முதல் 1960 வரை டாட்ஜர்ஸ் அணியில் அவர் கணக்கில் 36 வெற்றி, 40 தோல்வி. வேகத்துக்குக் குறைவில்லை, குறிதான் கைகூடவில்லை. 1961 பயிற்சி ஆட்டம் ஒன்றில் கேட்சர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) நார்ம் ஷெர்ரி, முழு பலத்தையும் போடாமல் கொஞ்சம் தளர்த்தி வீசச் சொன்னார். இறுக்கி எறிந்தால் முன்கை விறைத்து, பந்தை விடும் நொடி தவறும். தளர்த்தியதும் பந்து சொன்ன இடத்துக்குப் போனது. அடுத்த ஆறு ஆண்டுகளில் 129 வெற்றி, 47 தோல்வி. 1965ல் மட்டும் 382 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்ஸ்மேனை வெளியேற்றுவது).

1964ல் இடது முழங்கையில் மூட்டுவாதம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் 1965ல் 335 இன்னிங்ஸ் (எதிரணியில் மூவர் அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ்), 1966ல் 323 இன்னிங்ஸ் வீசினார். வீக்கத்தைக் குறைக்கும் கார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் முழங்கையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி வைப்பார். 1966ல் 27 ஆட்டங்களை வென்றவர், அந்த நவம்பரிலேயே விலகினார். கை முடங்குமுன் நிறுத்தியது மிகச் சரி என்றே நினைக்கிறோம்.

கேள்வி: கோவையில் நன்றாக இறங்கும் என் கர்வ் பால் (சுழன்று வளைந்து இறங்கும் பந்து) ஊட்டியில் இறங்க மறுக்கிறது. பிடியில் தவறா?
- கல்லூரி மாணவர், ஊட்டி

பதில்: காற்றுதான் முதல் காரணம். முன்னோக்கிச் சுழலும் பந்து காற்றை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்று பந்தைக் கீழே அழுத்துகிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். சமவெளியைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கமும் அந்த அளவுக்குக் குறையும். 1,609 மீட்டரில் இருக்கும் அமெரிக்க நகரமான டென்வரில் தொழில்முறை பிட்சர்களுக்கே இந்தத் தொல்லை உண்டு.

கோவைக் கணக்கில் குறிவைத்தால் பந்து பேட்ஸ்மேனின் இடுப்பு உயரத்திலேயே நின்றுவிடும், அடி நிச்சயம். வழக்கத்தைவிடத் தாழ்வாகக் குறிவையுங்கள். நடுவிரல் தையலை ஒட்டி அழுந்தட்டும், கட்டைவிரல் அடியில் தாங்கட்டும். விடும்போது விரல்கள் பந்தின் முன்பக்கமாக இறங்க வேண்டும். விரல்கள் பக்கவாட்டில் நழுவினால் முன்சுழற்சி போய்விடும். மூடுபனியில் தோல் ஈரமானாலும் இதே கதைதான்: பிடிமானம் தரும் ரோசின் (பிசின்) தூள் பையைக் கையில் தட்டிக்கொள்ளுங்கள், அடிக்கடி பந்து மாற்றும் பழக்கமில்லாத அணி என்றால் பந்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். இறக்கத்தைக் கூட்ட மணிக்கட்டை வலிந்து திருக மட்டும் வேண்டாம். அந்தப் பாரம் முழுக்க முழங்கைக்குப் போகும்.

கேள்வி: 13 வயது மகன் ஒரு நாளில் எத்தனை பந்து வீசலாம்?
- ஒரு தாய், குன்னூர்

பதில்: அமெரிக்க வழிகாட்டுதலின்படி 13, 14 வயதில் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 95. அதற்குள்ளும், 66ஐ எட்டினாலே நான்கு நாள் ஓய்வு. 51 முதல் 65 வரை மூன்று நாள். ஆட்டத்தன்று ஒரு நோட்டில் நீங்களே எண்ணி எழுதுங்கள். முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்றால் எண்ணிக்கை எதுவானாலும் அன்றோடு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.