தோப்பில் கல்யாணம் நடத்த இடம் போடப் போகிறாள் மகள்: சம்மதிக்கலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் திருவட்டார் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் விளை (தோப்பு நிலம்) இருக்கிறது. பாதி தென்னை, பாதி ரப்பர். பழைய ஓட்டு வீடும், ரப்பர் ஷீட் உலர்த்திய புகைப்புரையும் உண்டு. பி.காம். முடித்த மகள் வேலைக்குப் போக மாட்டேன் என்கிறாள். அந்த விளையிலேயே கிராமத்துப் பாணியில் கல்யாணம், வரவேற்பு நடத்த இடம் அமைக்க வேண்டுமாம். நிலத்தை வங்கியில் வைத்துக் கடன் கேட்கிறாள். இளைய மகனும் இருக்கிறான். என்ன செய்வது?

பதில்: மகள் சொல்வது நடக்கக்கூடிய தொழில்தான். ஆனால் செல்போனில் பார்க்கும் படங்களில் தெரிவது அதில் கால்வாசி. மஞ்சள் பல்பு, மரப்பலகை, பூ வளைவு எல்லாம் டெக்கரேஷன்காரர் காலையில் கொண்டுவந்து மாலையில் எடுத்துப்போகிற சரக்கு. இடத்துக்காரரிடம் மிஞ்சுவது தண்ணீர், கழிப்பறை, வண்டி நிறுத்தம், கரண்ட், எச்சில் இலை. இந்த ஐந்தையும் நடத்தப் பிடிக்குமா என்று மகளிடம் கேளுங்கள். பிடிக்கும் என்றால் மேலே பேசலாம்.

முதலில் அளவு. நம் மாவட்டத்தில் ஆயிரம் பேர் வரும் கல்யாணம் சாதாரணம். அந்தக் கூட்டத்துக்கு ஏசி வைத்த ஆடிட்டோரியங்கள் இருக்கின்றன, அவற்றோடு மோத வேண்டாம். இரண்டு ஏக்கர் விளைக்கு 400 பேர் என்று எல்லை கட்டுங்கள். நிச்சயதார்த்தம், கோயிலில் தாலி கட்டிவிட்டு வருகிறவர்களின் சாப்பாடு, சர்ச் கல்யாணத்துக்குப் பிறகான வரவேற்பு ஆகியவைதான் இதன் சந்தை. 400 பேர் வந்தால் சுமார் 80 கார், 100 பைக். போக வர வழியோடு ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் வேண்டும். 80 காருக்கு 2,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 50 சென்ட். நிலத்தில் கால் பங்கு காருக்கே போய்விடும். பலர் இதை மறந்துவிட்டு மேடையிலிருந்து வரைபடத்தைத் தொடங்குவார்கள். பிறகு முதல் மழையில் செம்மண்ணில் டயர் புதைந்து, டிராக்டர் வைத்து இழுக்கிற காட்சிதான் வீடியோவில் வரும். நிறுத்துமிடத்தில் ஜல்லியும் பாறைப்பொடியும் போட்டு உருட்டிய பிறகே மற்றதெல்லாம்.

பந்திக் கணக்கும் இப்படித்தான். ஓர் இலைக்கு இரண்டடி. ஒரு பந்திக்கு 200 பேர் என்றால் 400 அடி மேசை, அதாவது 50 அடி நீளத்தில் 8 வரிசை. மேசை ஒன்றரை அடி, நாற்காலிக்கு இரண்டடி, விளம்புகிறவர் நடக்க மூன்றரை அடி என்று வரிசைக்கு 7 அடி வைத்தால், ஓரங்களையும் சேர்த்து 60-க்கு 60 அடிப் பந்திப்புரை போதும். இரண்டு பந்தியில் 400 பேரும் சாப்பிட்டுவிடுவார்கள். சமையல் நடக்கும் ஆக்குப்புரையிலிருந்து பந்திப்புரைக்குப் போகும் பாதைக்குக் கூரை கட்டாயம் வேண்டும். வாளி தூக்கிய இருவர் எதிரெதிரே உரசாமல் போக ஐந்தடி அகலம். தரைக்குப் பளபளப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான சிமென்ட் போதும். சாம்பார் சிந்திய டைல்ஸில் சூடான பாயாச வாளியோடு ஒருவர் வழுக்கினால் அன்றைய கல்யாணம் ஆஸ்பத்திரியில் முடியும். தகரக் கூரை போட்டால் மழைச் சத்தத்தில் மைக்கே கேட்காது. கூரைக்கு அடியில் மூங்கில் தட்டியோ வேறு தடுப்போ கொடுத்தால் சத்தம் குறையும்.

கிராமத்து அழகுக்காகப் பந்திப்புரைக்கு ஓலை வேய்வோம் என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டப மாடியில் போட்ட ஓலைப் பந்தலில் வீடியோ விளக்கின் மின்கசிவால் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகப்பு வளைவுக்குக் கொஞ்சம் ஓலை, ஆட்கள் உட்காரும் இடத்துக்கு ஓடு அல்லது தகர ஷீட். வெளியேற எதிரெதிர்த் திசையில் இரண்டு வழி.

இனி உங்கள் தென்னையும் ரப்பரும். இதில்தான் வெளியூர் ஆலோசகர்கள் தடுமாறுவார்கள்.

தென்னைக்கு இடையில் 25 அடி இடைவெளி இருப்பதால் நாற்காலி போட வசதி என்று தோன்றும். ஆனால் ஒரு நெற்றுத் தேங்காய் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான 45 நாள் வெட்டை நம்பாமல், ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் இரண்டு நாள் முன்பு ஏறி, முற்றிய குலையையும் காய்ந்த மட்டையையும் பாளையையும் இறக்கச் சொல்லுங்கள். ஏறுகிறவருக்கு அந்தக் கூலியைத் தனியாகக் கணக்கில் வையுங்கள். நாற்காலிகளை மரத்தின் தூரிலிருந்து தள்ளி, இரு வரிசைக்கு நடுவில் மட்டும் போடுங்கள்.

ரப்பர் இன்னும் சிக்கல். இலையுதிரும் காலம் தை, மாசி. கல்யாணம் குவிவதும் அப்போதுதான். காய்ந்த சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும் தோட்டத்தில் மணமக்கள் நடந்து வரும்போது பூத்திரி (மத்தாப்பு) கொளுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. சருகைக் கூட்டி அகற்றிய 15 அடி வெற்றுமண் வளையத்துக்குள் மட்டும் அதை அனுமதிக்கலாம், வாளியில் தண்ணீரோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். அடுத்தது ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டை. பால் வடிக்காத நாளில் மரத்தில் நிமிர்ந்திருக்கும் ஒவ்வொரு சிரட்டையிலும் மழைநீர் தேங்கி, டெங்கு பரப்பும் கொசு பெருகும். மாலை வரவேற்புக்கு வந்தவர்கள் காலைச் சொறிந்துகொண்டே நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பால் வெட்டு நிறுத்திய அன்றே சிரட்டைகளைக் கவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.

புகைப்புரையை மணமகள் அறையாக்கும் யோசனை இருந்தால் கைவிடச் சொல்லுங்கள். பல வருடப் புகைக் கரி சுவரிலும் உத்தரத்திலும் ஊறியிருக்கும். சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தாலும் மழை ஈரத்தில் கசிந்து மணக்கும், பட்டுச்சேலையில் அந்த வாடை ஏறினால் போகாது. படம் எடுக்கப் பின்னணியாக அப்படியே நிற்கட்டும். ஓட்டு வீடுதான் மணமகள் அறைக்கு ஏற்றது. அதற்கு முன் கூரையைத் தாங்கும் கழுக்கோல்களின் நுனியைக் கத்தியால் குத்திப் பார்க்க ஒரு தச்சரை அழையுங்கள். ஓட்டுக்கு அடியில் சுவரோடு சேரும் இடத்தில்தான் கரையான் முதலில் ஏறும்.

தண்ணீர் ஆளுக்கு 15 லிட்டர் என்று 6,000, சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் 3,000 முதல் 4,000. ஆக 10,000 லிட்டர் மேல்தொட்டியில் நிறைந்திருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. விளையில் உள்ள கிணற்று மோட்டார் இலவச விவசாய மின் இணைப்பில் ஓடுகிறதென்றால் அந்தத் தண்ணீரைக் கல்யாணத்துக்கு எடுக்கக் கூடாது. பிடிபட்டால் அபராதமும் இணைப்புத் துண்டிப்பும் வரும். வணிக இணைப்பில் தனி மோட்டார் வையுங்கள். மும்முனை இணைப்பும் 30 கேவிஏ ஜெனரேட்டரும் இந்த அளவுக்குப் போதும். ஒலிபெருக்கி, அலங்கார விளக்கு, சமையல் மூன்றுக்கும் தனித்தனி போர்டு கொடுக்காவிட்டால் டெக்கரேஷன்காரர் எல்லாவற்றையும் மூன்று முனைகளில் ஒரே முனையில் மாட்டுவார், தாலி கட்டும் நேரத்தில் இருட்டாகும்.

கை கழுவும் இடத்தில் 200 பேருக்குப் பத்துக் குழாய். வடிகால் 4 இன்ச் பைப், பத்தடிக்கு 3 இன்ச் சரிவு, வாயில் கழற்றிக் கழுவும் சல்லடை. அது இல்லாவிட்டால் இரண்டாம் பந்திக்குள் சோற்றுப் பருக்கை அடைத்துக்கொண்டு தண்ணீர் பந்திப்புரைக்குள் வரும். உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். எச்சில் இலையை ரப்பர் சருகோடு அடுக்கடுக்காகக் குழியில் போட்டால் நல்ல உரம். அன்றிரவே மண் மூடாவிட்டால் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வந்து கிளறும். மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. சமையல்காரரிடம் இதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

அனுமதிகளில் அவசரம் வேண்டாம், வரிசை முக்கியம். முதலில் புல எண்ணை வைத்து, அந்தக் கிராமம் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்திலோ ஹாக்கா என்று சொல்லப்படும் மலைப்பகுதி விதிகளிலோ வருகிறதா என்று பாருங்கள். நம் மலையோரக் கிராமங்களில் பட்டா நிலமாக இருந்தும் மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதிக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. நிலம் நஞ்சையாகப் பதிவாகியிருந்தால் அதுவே தனிப் பிரச்சினை. பிறகு உள்ளாட்சியில் கட்டட அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, 1965-ஆம் ஆண்டுப் பொதுக் கட்டடங்கள் சட்டப்படி தாசில்தாரிடம் உரிமம். சாப்பாட்டையும் நீங்களே கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தொடர்ந்து புகார் கொடுத்தால் உரிமம் புதுப்பிக்கும்போது தலைவலி.

வருமானத்துக்கு வருவோம். ஆடியும் மார்கழியும் இந்துக் கல்யாணம் இல்லை. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் கத்தோலிக்கர் வைப்பதில்லை. ரமலான் மாதமும் அப்படியே. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மிஞ்சுவது தை, மாசி, ஈஸ்டருக்குப் பிந்தைய ஏப்ரல், மே, ஆவணி. அதிலும் அடுத்தடுத்த நாள் முகூர்த்தம் வந்தால் ஒன்றைத்தான் எடுக்க முடியும், சுத்தம் செய்ய ஒரு நாள் வேண்டும். வருடம் 30 நாள், நாளுக்கு 40,000 வாடகை என்று வைத்தால் 12 லட்சம். கூலி, டீசல், ஓடு மாற்றல், வெள்ளையடிப்பு போகப் பாதி கையில் நின்றால் நல்ல நிர்வாகம். சாப்பாட்டையும் தன் பில்லில் சேர்த்தால் வரவு 20 லட்சத்தைத் தாண்டும், ஜிஎஸ்டி பதிவு வந்துவிடும். இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டாம், பி.காம். படித்தவளையே போடச் சொல்லுங்கள். கடன் தவணையை அதன் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் அவளுக்கே விளங்கும்.

அதனால் கடனைப் பற்றி என் முடிவு: நிலத்தை இப்போது அடமானம் வைக்காதீர்கள். மேசை, நாற்காலி, வார்ப்பு, உருளி போன்ற சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், 25 நிகழ்ச்சி நடத்தும்வரை ஒன்றும் வாங்க வேண்டாம். கையில் உள்ள பணம் முதலில் கழிப்பறைக்கும் நிறுத்துமிடத்துக்கும் போகட்டும். மகன் பங்கைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், மகளுக்குப் பத்து வருடக் குத்தகை எழுதிப் பதிவு செய்யுங்கள். நாளை அவளுக்கு வரன் பேசும்போது, 'தோப்பில் சும்மா இருக்கிறாள்' என்ற பேச்சுக்கும் அந்தப் பத்திரமே பதில்.

படிப்பு வேண்டுமா என்றால், அவளுக்கு இன்னொரு பட்டம் தேவையில்லை. நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ பெரிய சமையல் குழுவிடம் ஒரு சீசன், 20 கல்யாணம் வேலை பார்க்கட்டும். மேடைப் பக்கம் அல்ல, சமையல் நடக்கும் கலவறைப் பக்கம். எத்தனை கிலோ அரிசிக்கு எத்தனை பேர், பப்படம் எப்போது பொரிக்கத் தொடங்க வேண்டும், முதல் பந்தி எழும்போது யார் இலை எடுப்பது என்று அங்கேதான் தெரியும். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் யாருக்காவது இதே ஆசை இருந்தால், அவர்களுக்கு விடுதி மேலாண்மைப் பட்டப்படிப்பு பொருந்தும். தேசிய அளவிலான என்சிஎச்எம் நுழைவுத் தேர்வு எழுதினால் பக்கத்தில் திருவனந்தபுரம் கோவளத்திலேயே அரசு நிறுவனம் இருக்கிறது. கடன், மானியம் பற்றிப் பிறகு நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

அதுவரை மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அடுத்த பெருமழை விட்ட ஒரு மணி நேரத்தில் பத்து முளைக்குச்சியோடு விளைக்குள் போகட்டும். தண்ணீர் இன்னும் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குச்சி அடிக்கட்டும். பந்திப்புரையும் நிறுத்துமிடமும் அந்தக் குச்சிகளுக்கு வெளியே எங்கே வரும் என்று பார்த்த பிறகு இன்ஜினீயரை அழையுங்கள்.