பள்ளி நூலகத்திலிருந்து நாவலை எடுத்துவிட்டார்கள், இது தடையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மூன்றாம் படிவம் படிக்கும் உங்கள் மகளின் பள்ளி, தோட்டத்துக் குடிப்பழக்கத்தையும் பாலியல் வன்முறையையும் பேசும் தமிழ் நாவலை நூலகத்திலிருந்து எடுத்துவிட்டதாகவும், இனி அதைப் படிக்கவே கூடாதா என்றும் கேட்கிறீர்கள்.

படிக்கலாம். ஒரு நூலை நாடு முழுவதும் தடைசெய்யும் அதிகாரம் 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சருக்கே உண்டு. பள்ளி தன் அலமாரியை மட்டுமே காலிசெய்திருக்கிறது.

‘இன்டர்லோக்’கையும் நாம்தானே எதிர்த்தோம் என்று சிலர் வாதிடுவார்கள். 1971இல் வெளிவந்த அந்த மலாய் நாவல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலானபோது, இந்தியர்களைச் சாதியோடு சித்திரித்த விதம் நம் சமூகத்தைக் கொதிக்க வைத்தது. 2011 இறுதியில் அது பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆனால் அது தேர்வுக்காகப் படித்தே தீரவேண்டிய நூல். விரும்பியவர் மட்டும் எடுக்கும் நூலக நாவலுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த நாவல் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். பதினைந்து வயதுப் பெண்ணின் நிலை வேறு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளரும் பிள்ளை சம்சு எனும் மலிவு மதுவையும் அடிதடியையும் பக்கத்து வீட்டிலேயே பார்க்கிறாள். அத்துமீறல் என்னவென்றே அறியாதவள் தனக்கு நேர்ந்தால் யாரிடம், எப்படிச் சொல்வாள்? இதுதான் எனக்குப் பெரிய கவலை.

முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு மகளோடு பேசிக்கொண்டே படியுங்கள். அத்துமீறலுக்கு ஆளானவர்கள் அழைக்கக்கூடிய அரசின் ‘தாலியான் காசே’ (Talian Kasih) உதவி எண் 15999ஐயும் சொல்லிவையுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், நாவலை முழுதாகப் படித்து முடிவெடுத்தவர் யார் என்று கேளுங்கள்.