பழைய 'டிராக் அண்ட் ஃபீல்ட்' வாங்குகிறீர்களா? முதலில் பட்டனைப் பாருங்கள்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். 1983-ல் வந்த 'டிராக் அண்ட் ஃபீல்ட்' என்ற தடகள வீடியோ விளையாட்டின் ஆர்கேட் எந்திரம் (காசு போட்டு ஆடும் எந்திரம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எந்திரம் ஓடுகிறது, ஆனால் ஓட்டப் பட்டன்கள் சில நேரம் வேலை செய்வதில்லை. புது மைக்ரோஸ்விட்ச் பட்டன் மாட்டினால் போதும் என்கிறார் விற்பவர். பக்கவாட்டுப் படங்களும் உரிந்திருக்கின்றன. வாங்கலாமா? எதை முதலில் சரிசெய்வது?

பதில்: தாராளமாக வாங்கலாம், கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால். ஆனால் மைக்ரோஸ்விட்ச் யோசனையை மட்டும் கேட்காதீர்கள்.

கோனாமி உருவாக்கிய இந்த விளையாட்டு ஜப்பானில் 'ஹைப்பர் ஒலிம்பிக்' என்ற பெயரில் வந்தது. அமெரிக்காவில் செஞ்சுரி நிறுவனம் வெளியிட்டது. இதில் ஜாய்ஸ்டிக்கே கிடையாது. ஓடுவதற்கு இரண்டு பட்டன், தாண்டவும் எறியவும் ஒன்று, அவ்வளவுதான். ஓட்டப் பட்டன்களை மாற்றி மாற்றி எவ்வளவு வேகமாகத் தட்டுகிறீர்களோ அவ்வளவு வேகமாக வீரர் ஓடுவார். 100 மீட்டர் ஓட்டமும் நீளம் தாண்டுதலும் ஈட்டி எறிதலும் அந்தத் தட்டலை நம்பித்தான் இருக்கின்றன. இந்த விளையாட்டுக்காக 1984-ல் நடந்த போட்டியில் 10 லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள், இறுதிச் சுற்று டோக்கியோவில் நடந்தது. அவ்வளவு பேரையும் இழுத்தது விரலுக்கும் பட்டனுக்கும் நடுவே நடக்கும் அந்தப் பந்தயம்தான். பட்டன் மாறினால் விளையாட்டே மாறிவிடும்.

அசல் பட்டனுக்கு அடியில் இருப்பது 'லீஃப் ஸ்விட்ச்'. இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இடைவெளி விட்டு நிற்கும். பட்டனின் தண்டு நீளமான தகட்டைத் தள்ள, அது மற்றதைத் தொடும். 'டிக்' என்ற சத்தமோ தடையோ இருக்காது. லேசாகத் தொட்டாலே பதிவாகும், கொஞ்சம் விட்டாலே விடுபடும். மைக்ரோஸ்விட்ச் அப்படியல்ல. ஒரு புள்ளி வரை அழுத்தினால்தான் சொடுக்கும், திரும்பவும் கணிசமாக மேலே வந்தால்தான் விடுபடும். சண்டை விளையாட்டுக்கு அது பரவாயில்லை. விநாடிக்குப் பல தட்டு விழும் இடத்தில் விரலும் சோர்ந்துவிடும், ஓட்டமும் குறையும். தீவிரமாக ஸ்கோர் துரத்தும் சேகரிப்பாளர்கள் லீஃப் ஸ்விட்சை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

உங்கள் பட்டன் வேலை செய்யாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் தகட்டு முனையில் படிந்த அழுக்கே காரணம். மின்சாரத்தைத் துண்டியுங்கள். தடித்த விசிட்டிங் கார்டின் ஓரத்தை இரண்டு முனைகளுக்கும் நடுவே விட்டு, தகடுகளை விரலால் மெல்லச் சேர்த்துப் பிடித்து, அட்டையை நாலைந்து முறை இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை தொடருங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், முனையின் பூச்சு போய்விடும். அப்புறம் இடைவெளி. லேசாக அழுத்தியதும் தொட வேண்டும், விட்டதும் கண்ணுக்குத் தெரியும்படி பிரிய வேண்டும். வேகம் வேண்டும் என்று ரொம்ப நெருக்கிவிட்டால், பட்டனை விட்ட பிறகும் தகடுகள் ஒட்டியபடி இருக்கும், அடுத்த தட்டு கணக்கில் சேராது. தகடு களைத்துத் தொங்கிவிட்டிருந்தால் புது லீஃப் ஸ்விட்ச் வாங்குங்கள், இன்றும் கிடைக்கிறது.

பட்டன்கள் பொருத்திய பேனலையும் உற்றுப் பாருங்கள். அந்தக் காலத்தில் இரும்பு ஸ்கேலை அதிரவிட்டும், நாணயத்தையும் பிங்பாங் பந்தையும் தேய்த்தும் பட்டன்களை ஓட்டினார்கள். பட்டன்கள் அடிக்கடி உடைந்ததால் பின்னால் வந்த எந்திரங்களில் அதைத் தடுக்க மாற்றங்கள் செய்தார்கள். ஆகவே கீறல்கள் இருந்தால் அதற்காகப் பின்வாங்க வேண்டாம். பட்டன் துளைகளைப் பெரிதாக்கியிருந்தால் மட்டும் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது போர்டு, அதாவது விளையாட்டை ஓட்டும் மின்சுற்றுப் பலகை. இதன் மையச் செயலி 'கோனாமி-1'. 6809 என்ற செயலியின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் கட்டளைகளைச் சங்கேதமாக்கி வைத்தது. இது பழுதானால் சாதாரண 6809-ஐ அப்படியே செருகி ஓட்ட முடியாது. ஆர்வலர்கள் செய்த மாற்றுச் சில்லுகள் உண்டு, அதற்குத் தனியாகத் தேடலும் செலவும் ஆகும். எனவே போகும்போது எந்திரத்தை அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓடவிடச் சொல்லுங்கள். சூடேறிய பிறகு படம் சிதறினாலோ, தானாக மறுபடி தொடங்கினாலோ கவனியுங்கள். பின்கதவைத் திறந்து, உள்ளே இருப்பது அசல் போர்டுதானா என்றும் பாருங்கள். உள்ளே பல விளையாட்டுகள் ஓடும் புதிய போர்டைப் போட்டு, பழைய எந்திரத்தின் விலையைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

மானிட்டரில் படம் சுருங்கியோ வளைந்தோ இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய கெப்பாசிட்டர்களை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் நீங்களாகக் கை வைக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் படக்குழாயில் ஆபத்தான அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும். தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பக்கவாட்டுப் படங்களுக்கு இப்போது பணம் போடாதீர்கள். மறுபதிப்பு ஸ்டிக்கர் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பழையதை உரித்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது, பாதி உரிந்த அசல் படத்தையே விரும்பும் சேகரிப்பாளர்களும் உண்டு. கேபினெட்டின் அடிப்பலகையை மட்டும் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரத்தில் ஊறி உப்பிய பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்றால் வேலை பெரிது. அப்படி இருந்து, மின்சுற்றுப் போர்டும் சந்தேகமாக இருந்தால் இந்த எந்திரத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்குக் காத்திருங்கள்.